சுட ஆளில்லாத கேமை விளையாடுவது எப்படி

குழந்தைப் பருவம், வளர்ந்த வீடு, அம்மா அப்பாவோடு இன்னும் தீராத கணக்கு. இதையெல்லாம் கதையாக வைத்த வீடியோ கேம் ஒன்றை யாரோ உங்களுக்குச் சிபாரிசு செய்திருப்பார்கள். ஆசையாகத் திறந்திருப்பீர்கள். பத்து நிமிடம் ஆனதும், "எல்லாம் சரி, இதில் விளையாட்டு எங்கே?" என்று தோன்றியிருக்கும். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, தோற்பதற்குக்கூட வழியில்லை. அலமாரியைத் திற, கடிதத்தைப் படி, அடுத்த அறைக்குப் போ. அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. இந்த வகையில் நான் முதலில் விளையாடியது 'கான் ஹோம்'. 2013-ல் வந்த கேம். கதை நடப்பது 1995 ஜூன் மாதத்தின் ஒரு நள்ளிரவில். வெளியே இடியும் மழையும். ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறாள் மூத்த மகள், வீட்டில் ஒருவரும் இல்லை. பேய்க் கதைதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அறை அறையாக ஓடினேன், ஒவ்வொரு கதவையும் பயந்து பயந்து திறந்தேன், ஒரு மணி நேரத்திற்குள் முடித்தும் விட்டேன். பேய் வரவில்லை. ஏமாந்த கோபத்தில் அப்படியே மூடிவைத்தேன். சில மாதம் கழித்து, வேறு வேலை இல்லாத ஓர் இரவில் மறுபடி திறந்து மெதுவாக நடந்தபோதுதான் அப்பா எழுதி விலை போகாத நாவல்கள் பெட்டி பெட்டியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. முதல் தடவை அந்தப் பெட்டிகளைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

அதனால் இந்த வகைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இங்கே உங்கள் கை என்ன செய்கிறதோ, அதுவே கதை. திரையில் வரும் வசனம் பாதிதான். மீதியை நீங்கள் எதை எடுத்தீர்கள், எங்கே வைத்தீர்கள், எது வைக்க இடமில்லாமல் போனது என்பதெல்லாம் சொல்லும். கேமைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து சத்தத்தைச் சரிசெய்வது வரை கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான்.

கதையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

முதல் கேமைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கதைச் சுருக்கத்தைப் படிக்கிறார்கள். நான் அதற்கு முன்னால், உங்கள் கைக்கு என்ன பழக்கம் என்று கேட்பேன்.

கேமே விளையாடியதில்லை, போன் மட்டும்தான் என்றால் 'ஃப்ளோரன்ஸ்'. 2018-ல் வந்தது. முழுக் கேமும் முக்கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். விரலால் தள்ளுவது, தடவுவது, துண்டுகளை ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் காதல் கதைதான் என்றாலும், நடுவில் அவள் சின்ன வயதில் படம் வரைந்து ஒட்டிய நாட்கள் வரும், போனில் அம்மா வருவார்.

மவுஸ் பிடிக்கத் தெரியும் என்றால் 'அன்பேக்கிங்'. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துச் சிறிய குழு ஒன்று செய்து 2021 நவம்பரில் வெளியிட்டது. அட்டைப் பெட்டிகளைத் திறந்து பொருள்களை எடுத்து அறையில் அடுக்க வேண்டும். நிதானமாக விளையாடினால் நான்கு மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால், தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

முப்பரிமாண வீட்டுக்குள் நடக்கும் கேம்களை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கான் ஹோம்' அந்த வகை. 2017-ல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' என்ற கேமும் அந்த வகைதான். இவற்றில் ஒரு கை நடக்கும், இன்னொரு கை பார்க்கும். பழகியவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பழகாதவர் முதல் அரை மணி நேரமும் சுவரைத்தான் முறைத்துக்கொண்டிருப்பார். அந்த எரிச்சலில் கதை எங்கே காதில் விழும்?

இன்னொன்று. இதமான கேம், மனசுக்கு ஆறுதலான கேம் என்று யார் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம். குடும்ப நினைவு என்றாலே இழப்பும் கூடவே வரும். 'ஈடித் ஃபின்ச்' அழகான கேம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதைச் சொல்லும் கேம். குழந்தைகளின் சாவு வருகிறது, தற்கொலை வருகிறது. சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள். கடைப் பக்கத்திலேயே உள்ளடக்க எச்சரிக்கை என்று சில வரிகள் இருக்கும். கதை தெரிந்துவிடுமோ என்று பயந்து அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

வாங்கும்போது

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கேம்கள் சின்னவை, பழைய கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் ஓடும். இருந்தாலும், தேவையான வசதிகள் என்ற பகுதியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுத் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தலை சுற்றுகிறது, கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒன்றரை மணி நேரக் கேமை முழுக்க ரசித்து முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது மட்டும் வேண்டாம். அந்தக் கேமை உருவாக்கியவர்கள் பல நேரம் நான்கைந்து பேர்தான்.

தொடங்கும் முன் செட்டிங்ஸ்

எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

முதலில் சப்டைட்டிலைப் போடுங்கள். உச்சரிப்பு பழக்கமில்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வசனம் ஓடும்போது நீங்கள் பாட்டுக்கு இழுப்பறையைத் திறந்துகொண்டிருப்பீர்கள், அந்தச் சத்தத்தில் ஒரு வரி போய்விடும். எழுத்தின் அளவைக் கூட்ட முடியும் என்றால் கூட்டுங்கள். இந்த வகையில் படிப்பதற்கு நிறைய இருக்கும்.

நடக்கும் கேம் என்றால் மவுஸ் வேகத்தைக் குறையுங்கள். மயக்கம், குமட்டல் வரும் உடம்பு என்றால் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். நடக்கும்போது தலை ஆடுவதையும் காட்சி மங்கலாவதையும் நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிடுங்கள். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருங்கள். அப்படியும் வயிறு புரட்டத் தொடங்கினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று தொடர்ந்தால் மிச்சப் பொழுதும் படுக்கைதான். பட்டவன் சொல்கிறேன்.

அடுத்தது, விளையாட்டைச் சுலபமாக்கும் வசதிகள். பார்வையோ கை அசைவோ இடம் கொடுக்காதவர்களுக்கு இவை இருப்பது நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் முதல் தடவை தொடாதீர்கள். 'அன்பேக்கிங்' செட்டிங்ஸில், எந்தப் பொருளையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. புதிர் பிடிக்காதவர்கள் அதைத்தான் உடனே போடுவார்கள். போட்டால் அந்தக் கேமின் கதையில் ஒரு பெரிய துண்டு காணாமல் போய்விடும். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சத்தத்துக்கு ஹெட்போன். பாட்டைக் கொஞ்சம் குறைத்து, பொருள்களின் சத்தத்தை அப்படியே விடுங்கள். 'அன்பேக்கிங்'கில் ஒரே கோப்பையை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், கல்லில் வைத்தால் வேறு சத்தம். சும்மாவே எடுத்து எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றும்.

முதல் பத்து நிமிடம்

கதையை மறந்துவிடுங்கள். இது கையைப் பழக்கும் நேரம். கீபோர்டில் நடக்கும் கேம் என்றால் பெரும்பாலும் டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகள்தான் கால், மவுஸ்தான் தலை. நின்ற இடத்திலேயே கூரையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள், ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நேராகப் போய் ஒரு மேசைக்கு முன்னால் நில்லுங்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள். இது வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்று ஒவ்வொரு கேமும் ஒரு ஜாடை வைத்திருக்கும். பொருளின் ஓரம் மினுங்கும், அல்லது திரையின் நடுவில் இருக்கும் புள்ளி மாறும். அந்த ஜாடையை முதல் அறையிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். இல்லையென்றால் சுவரில் மாட்டிய ஒவ்வொரு படத்தையும் குத்திக்கொண்டே போவீர்கள்.

பொருள்களைப் படிப்பது

இப்போது 'அன்பேக்கிங்'குக்கு வருகிறேன். சுவாரசியம் கெடாமல் இருக்க, ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் உடைக்கிறேன். அதுவும் வேண்டாம் என்றால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

1997-ல் தொடங்குகிறது. ஒரு சிறுமியின் அறை, சில பெட்டிகள். எடுத்து அடுக்கியதும் அடுத்த வீடு, 2004. இப்படி 2018 வரை எட்டு இடமாற்றங்கள். அவளை நீங்கள் நேரில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வீடும் முடிந்ததும் ஆல்பத்தில் ஒரு படமும் அதன் கீழ் அவள் எழுதியதாக ஒரு வரியும் வரும். அவள் வாயைத் திறந்து சொல்வது அவ்வளவுதான். மீதி எல்லாம் பெட்டிக்குள்.

புதிதாக விளையாடுகிறவர்கள் பெட்டியைக் காலி செய்யும் அவசரத்தில் இருப்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் மூன்று கேள்வி கேளுங்கள். போன வீட்டில் இது இருந்ததா? இருந்தது என்றால் இவ்வளவு தூரம் ஏன் தூக்கி வந்திருக்கிறாள்? போன வீட்டில் இருந்த எது இப்போது வரவில்லை? சில பொம்மைகள் வீடு வீடாகக் கூடவே வரும். ஒரு பொழுதுபோக்குக்கான சாமான்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். யாரும் சொல்லாமலே அவள் என்ன வேலைக்குப் போகிறாள் என்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள்.

2010-ல் அவள் தன் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே ஏற்கெனவே அவனுடைய சாமான்கள் நிறைந்திருக்கின்றன. அவன் சாமான்களை ஒதுக்கி ஒதுக்கி இவளுடையதைத் திணிக்கிறீர்கள். கடைசியில் சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ் மிஞ்சுகிறது. வரவேற்பறைச் சுவரில் மாட்டினால், இடம் தவறு என்று அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. படுக்கையறையில் மாட்டினாலும் சிவப்பு. சமையலறையில்கூட முயன்று பார்ப்பீர்கள். கடைசியில் அது ஏற்றுக்கொள்ளும் இடம் கட்டிலுக்கு அடியில்.

அங்கே நான் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் கெட்டவன் என்று எந்த வசனமும் இல்லை. ஆனால் சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது என் கைதான். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற தேர்வை முன்பே போட்டிருந்தால், அதைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். ஒன்றும் நடந்ததாகவே தெரிந்திருக்காது.

இதே கண்ணோடு மற்ற கேம்களையும் பாருங்கள். 'ஃப்ளோரன்ஸ்'ஸில் காதலர்கள் பேச, நீங்கள் பேச்சுக் குமிழியைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். முதல் சந்திப்பில் நிறையத் துண்டுகள். நெருக்கம் கூடக் கூடத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு சுலபமாகிறது. 'ஈடித் ஃபின்ச்'சில் மீன் பதப்படுத்தும் ஆலைக் காட்சி ஒன்று வரும். ஒரு கை ஓயாமல் மீனை நகர்த்தித் தலையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கை அந்தத் தொழிலாளியின் பகல் கனவுக்குள் நடக்கும். கொஞ்ச நேரத்தில் வெட்டும் கையை நீங்கள் மறந்தே போவீர்கள். அதற்கு மேல் சொல்லக் கூடாது. முடிந்தால் இதை மட்டும் கன்ட்ரோலரில் (இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கருவி) விளையாடுங்கள், இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு வேலை என்பது அப்போதுதான் கையில் உறைக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான கேம் 'வெண்பா'. 2023 ஜூலையில் வந்தது, 2024-ல் அறிமுகக் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 1988-ல் தொடங்குகிறது. அந்த வீட்டுத் தாய்க்கு அவருடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போன வரிகளை நீங்கள் கையால் செய்து பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது முதல் புதிர்களில் ஒன்று. இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று அலட்சியமாகப் போனேன், முதல் தடவையே தப்பு. தப்பானால் பரவாயில்லை, மறுபடி செய்ய விடும். ரேடியோவில் பாட்டு ஓடினால் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் வாசனையும் அதில் தனித்தனியாக இருக்கிறது.

மாட்டிக்கொண்டால்

பெரும்பாலும் திறக்காத ஒரு கதவோ இழுப்பறையோதான் காரணம். உடனே இணையத்தில் தேடினால் விடையோடு முடிவும் சேர்ந்து கண்ணில் பட்டுவிடும். அதற்கு முன் ஒரு முறை வீட்டைச் சுற்றுங்கள். 'கான் ஹோம்'மில் நான் வைத்துக்கொண்ட வழக்கம், பார்த்து முடித்த அறையில் விளக்கை எரியவிட்டுவிடுவது. இருட்டாக இருக்கும் அறை இன்னும் பார்க்காத அறை. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவும் அதில் வழி இருக்கிறது. வேறு பயன் எதுவும் இல்லை, ஆனாலும் வைப்பேன். அடுத்தவர் வீடு அல்லவா?

'அன்பேக்கிங்'கில் எல்லாப் பெட்டியும் காலியான பிறகுதான் தவறான பொருள்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். அதனால் பெட்டி தீரும்வரை ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிடலாம். நிஜ வீட்டிலும் நாம் அதைத்தானே செய்கிறோம்.

சேவ் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. இவை பெரும்பாலும் தானாகவே சேவ் ஆகும், ஆனால் எப்போது என்று சொல்லாது. மூலையில் ஒரு சின்னக் குறி சுழன்று மறைவதைப் பார்த்துவிட்டு மூடுங்கள். இரண்டு மணி நேரக் கேம் என்றால் ஒரே உட்காரலில் முடிப்பதே நல்லது. பாதியில் விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் கை எல்லாவற்றையும் மறந்திருக்கும், கூடவே மனசும்.

யாரோடு விளையாடுவது

முதல் தடவை தனியாக. இரண்டாவது தடவை, இதுவரை கேமே தொட்டிராத ஒருவரோடு. அம்மாவோ அப்பாவோ கிடைத்தால் இன்னும் விசேஷம். கன்ட்ரோலர் அவர்கள் கையில் இருக்கட்டும். அங்கே போங்கள், அதை எடுங்கள் என்று பின்னாலிருந்து ஓட்டாதீர்கள், அது எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும். 'அன்பேக்கிங்' இதற்கு மிகவும் பொருத்தம். அடுக்குவதைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அடுக்கும்போதே, எங்கள் வீட்டில் இது இங்கேதான் இருக்கும் என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் கேமை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிறுவர்களோடு என்றால் நீங்கள் முன்பே முடித்த கேமை மட்டும் கொடுங்கள்.

அடுத்து

இதெல்லாம் பழகிய பிறகு 'பிஃபோர் யுவர் ஐஸ்'. 2021-ல் வந்தது, ஒன்றரை மணி நேரம். இதில் வெப்கேம் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். இறந்துபோன ஒருவன் தன் வாழ்க்கையைச் சிறு வயதிலிருந்து நினைத்துப் பார்க்கிறான். நீங்கள் கண் சிமிட்டினால் அந்த நினைவு அங்கேயே அறுந்து, காலம் முன்னே தாவிவிடும். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பார், பாதி வாக்கியத்தில் போய்விடும்.

வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் திரையின் வெளிச்சம் கண்ணாடியில் பளிச்சிடாதபடி கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். கேம் தொடங்கும்போது சிமிட்டலைச் சோதித்துப் பார்க்கும், அதை அவசரமாக முடிக்காதீர்கள். கேமரா இல்லாவிட்டால் மவுஸை அழுத்தியும் விளையாடலாம். ஆனால் கடன் வாங்கியாவது ஒரு கேமராவில் விளையாடிப் பாருங்கள். கண்ணை அகல விழித்துக்கொண்டு ஒரு காட்சியைப் பிடித்து வைத்திருப்பீர்கள். இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று. அந்த நேரம் பார்த்துக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். எரியும். அதற்கு மட்டும் செட்டிங்ஸில் எதுவும் இல்லை.